பெல்லமி சாகிப்பின் பல்வலி

எங்கள் சீக்கியப் பட்டாளத்தில் எவனும் புகையிலையைத் தொடமாட்டான். பெல்லமி சாகிப் வெள்ளைக்காரர்தான். ஆனாலும் எங்களிடம் வந்து சேர்ந்த முதல் வாரமே தன் புகைக்குழாயைத் தூக்கி ஆற்றில் எறிந்தவர். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் அந்தப் பக்கமே போனதில்லை. அதனால்தான் வஜீரிஸ்தான் மலைக்காவலில் அவர் போட்ட உத்தரவு எங்களுக்கு நியாயமாகப் பட்டது.

"பனியில கண்ணு தெரியாது. புகையிலை வாடை வந்தா அது நம்ம ஆளு இல்ல. யாருன்னு கேக்காம சுடுங்க."

முந்தின வாரம்தான் பனிக்குள் ஊர்ந்து வந்த மலைக்கூட்டத்தார் எங்களில் இருவரைக் கழுத்தறுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அன்று காலை பனி கனமாக இறங்கியது. கற்சுவரின் ஒரு கோடியில் சுபேதாரான நான், மறுகோடியில் சிப்பாய் கேஹர் சிங். திடீரென்று அவன் துப்பாக்கி வெடித்தது. சுவருக்கு வெளியே யாரோ அலறினார்கள். அடப்பாவி, அது எங்கள் சாகிப்பின் குரல்!

தோளில் குண்டு. உயிருக்கு மோசமில்லை.

கர்னல் வந்தார். அந்த வருஷம் வெள்ளைக்காரருக்கு எதிராகப் பஞ்சாபே கொதித்துக்கொண்டிருந்தது. எந்தச் சீக்கியனைப் பார்த்தாலும் அவருக்குச் சந்தேகம்.

"புகையிலை வாடை வந்துச்சு, சுட்டேன்" என்றான் கேஹர்.

"உங்கள்ல யாருய்யா புகைக்கிறான்?" என்று கர்னல் என்னைக் கேட்டார்.

"யாருமில்ல, சாகிப்."

"அப்ப இவன் சொல்றது பொய். வேணும்னேதான் சுட்டிருக்கான்."

கேஹரைக் கட்டிப் போட்டார்கள். மறுநாள் விசாரணை. அதற்கப்புறம் தூக்குக் கயிறுதான், வேறென்ன?

நான் பெல்லமி சாகிப்பின் கூடாரத்துக்கு ஓடினேன். அவர் கன்னம் லட்டு அடக்கியதுபோல வீங்கியிருந்தது. தண்ணீர் கொடுக்கக் குனிந்தபோது அவர் விரலில் அந்த வாடை.

"நாலு நாளா பல்லு உயிரை எடுக்குது, வரியாம் சிங்" என்றார் மெதுவாக. "வலி அடங்கும்னு, சாமான் கொண்டு வர்ற கழுதைக்காரன்கிட்ட ஒரு பீடி வாங்கினேன். உங்க முன்னால குடிக்கக் கூடாதேன்னுதான் சுவரைத் தாண்டிப் போனேன்."

"அதை கர்னல்கிட்ட சொல்லிடுங்க, சாகிப்."

"அடுத்த மாசம் இந்தப் பட்டாளமே என் கைக்கு வருது. போட்ட உத்தரவை நானே மறந்தேன்னு சொன்னா, அது போயிடும்."

"சொல்லலேன்னா கேஹரோட கழுத்து போயிடும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த மனுஷனுக்காகவா இத்தனை வருஷம் உயிரைக் கொடுத்தோம்? அன்று எங்கள் கம்பெனியில் யாரும் ரொட்டியைத் தொடவில்லை; அது சாகிப்பின் காதுக்கும் போயிற்று.

விசாரணையில் கேஹர் நிமிர்ந்து நின்றான். சாகிப் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வந்தார். கர்னல் கேட்டது ஆங்கிலத்தில். சாகிப் எங்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி பஞ்சாபியில் சொன்னார்:

"சுடச் சொன்னது நான். பீடி குடிச்சதும் நான். இவன் என் பேச்சைக் கேட்டான், அவ்வளவுதான்."

அப்புறம் அதையே ஆங்கிலத்தில் கர்னலிடம் சொன்னார். கர்னலின் முகம் கறுத்தது.

கேஹர் பிழைத்தான். பட்டாளம் வேறொருவர் கைக்குப் போயிற்று. பெல்லமி சாகிப்பைக் கோவேறு கழுதைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே புகைக்காத ஆளே கிடையாது. வழியனுப்பும்போது அவர் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். வருத்தத்தை மறைக்கத்தான் வாயைக் கொடுத்தேன்.

"அங்க தாராளமா குடிக்கலாம், சாகிப். யாரும் சுடமாட்டாங்க."

அவர் வீக்கம் வடிந்த கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"பல்லைத்தான் பிடுங்கியாச்சே, சுபேதார். இனி எதுக்கு?"