நான்தான் என்றால் போதாது

அறுபத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில், சுரங்கத்துக்குக் கரண்ட் கொடுக்கும் சப்ஸ்டேஷனில் பழனிவேல் ஷிப்டில் இருந்தான். போன வருஷம் வரை நாற்றுப் பறித்த கை. இப்போது அது சுவிட்சைப் போட்டால் பம்புகள் ஓடும், எடுத்தால் நிற்கும்.

கரண்டை நிறுத்தவோ கொடுக்கவோ போனில் ஒரு முறை உண்டு. கூப்பிடுகிறவன் தன் பெயர், போன் இருக்கும் இடம், அந்த வேலைக்குக் கொடுத்த பர்மிட் நம்பர் மூன்றையும் சொல்ல வேண்டும். எடுத்தவனும் தன் பெயரையும் இடத்தையும் சொல்லிவிட்டுப் போனை வைத்து, அந்த இடத்துக்கே திரும்ப அடித்துக் கேட்க வேண்டும். வீட்டுக் கதவைத் தட்டி, "யாரு?" என்றால் "நான்தான்" என்று சொல்லி உள்ளே நுழைகிற ஜனங்களுக்கு இது வெறும் கூத்து. பழனிவேலும் முதல் மாதம் சிரித்தவன்தான்.

அன்று மதியம் பன்னிரண்டாம் பம்பு லைனில் பழுது. பழனிவேலின் மச்சான் கொளஞ்சியப்பன்தான் அங்கே மேஸ்திரி. பம்புக்குப் பக்கத்துக் கம்பத்தடிப் போனில் முறைப்படி கேட்டு, பர்மிட் நம்பர் ஏழில் கரண்டை நிறுத்தச் சொல்லியிருந்தான். பம்புகள் நின்ற ஒரு மணி நேரத்தில் சுரங்கத்தின் அடியிலிருந்து தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது.

போன் அடித்தது.

"மாமா, நான்தான். வேலை முடிஞ்சிது, கரண்டை உடு."

"எந்தப் போன்லருந்து பேசுற?"

"பன்னண்டாம் பம்புதான். நம்பர் ஏழு. தண்ணி ஏறிக்கினு இருக்குது மாமா!"

"வையி. திரும்ப அடிக்கிறேன்."

"என் அக்காவக் கட்டிப் பத்து வருசமாவுது. என் கொரலு தெரியலையா ஒனக்கு?"

"கொரலு தெரியுது. நீ நிக்கிற எடம் தெரியல."

அந்தப் பக்கம் மச்சான் கையிலிருந்து இஞ்சினீயரே போனைப் பிடுங்கிக் கத்தினார். சுரங்கம் மூழ்கினால் உன் வேலை போய்விடும் என்றார். பழனிவேல் பர்மனென்ட் ஆக இன்னும் இரண்டே மாதம். "திரும்ப அடிக்கிறேங்க சார்" என்று வைத்துவிட்டான்.

பன்னிரண்டாம் பம்புக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அவனும் விடுவதாயில்லை.

கடைசியில் மூச்சிரைக்க ஒரு குரல். "அய்யனாரு பேசுறேங்க. பன்னண்டாம் பம்பு, நம்பர் ஏழு."

"ஏன்டா இம்மாம் நேரம்?"

"கம்பத்து மேல இருந்தேங்க. எறங்கி வரணுமில்ல? இன்னும் ஒரு கம்பி பாக்கி இருக்குதுங்க. சார் கூப்டாருன்னு மேஸ்திரி அப்பவே ஆபீசுக்குப் போயிட்டாரு."

ஆபீசில் இருந்துகொண்டுதான் கொளஞ்சியப்பன் பன்னிரண்டாம் பம்பு என்றிருக்கிறான். பழனிவேலுக்கு மச்சான் மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொறுமையா முடி. எல்லாரும் எறங்கினப்புறம் நீயே கூப்புடு."

இருபது நிமிஷத்தில் அய்யனார் கூப்பிட்டான். அப்போதும் பழனிவேல் போனை வைத்து, திரும்ப அடித்துக் கேட்ட பிறகே சுவிட்சைப் போட்டான். பம்புகள் ஓடின.

பொழுது சாய, மந்தாரக்குப்பத்தில் அவன் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள்.

"யாரு?"

வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"கொளஞ்சியப்பன்," என்றது குரல். "ஒன் வாசப்படியில நிக்கிறேன். நம்பர் ஏழு. அய்யனாரு நல்லபடியா வூட்டுக்குப் போயிட்டான் மாமா."

பழனிவேல் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினான்.