தோல் வளரும் வரைக்கும்

சாயப் பட்டறை வாசலில் வரிசை நின்றது. சுவரில் புதிதாகப் பூட்டியிருந்த மெசினில் ஒவ்வொருவரும் பெருவிரலை வைத்து, பச்சை வெளிச்சம் விழுந்ததும் உள்ளே போனார்கள். ஜெமீலா வைத்தபோது சிவப்பு விழுந்தது. விரலை அபாயாவில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்புத்தான்.

"மற்ற விரல வெச்சிப் பாருங்க ராத்தா," என்றாள் பின்னால் நின்ற றிஸ்லா. நூல் அலசுகிறவள், இளையவள்.

பத்து விரலையும் வைத்தாயிற்று. மேற்பார்வைக்கார மசூர் வந்து குனிந்து பார்த்தான். நுனித்தோல் வெங்காயச் சருகுபோல உரிந்து, அடியில் பளபளவென்று சிவந்திருந்தது. ரேகை என்று ஒன்றுமில்லை.

"மெசின்ல விழாட்டி வரல்ல எண்டுதான் காட்டும் ராத்தா. முதலாளி கொழும்புல இருந்து போன்ல பாக்கிறாரு. நான் என்ன செய்யிற?"

"நான் வந்து நிக்கிறது ஒனக்குத் தெரியுந்தானே தம்பி?"

"எனக்குத் தெரிஞ்சி சம்பளம் வராதே."

நூலுக்குச் சாயம் பிடிக்கக் கோஸ்டிக் சோடா கரைப்பது அவளுடைய வேலை. மாரி தொடங்கினால் களஞ்சியத்துத் தகரம் ஒழுகும். வெறும் நிலத்தில் அடுக்கிய சாக்குகள் ஈரம் குடித்து, சோடா கட்டிபட்டுவிடும். அதைக் கையால் உடைத்துத்தான் வாளியில் எடுக்க வேண்டும். வெளிநாட்டு ஆட்கள் பட்டறை பார்க்க வரும் நாட்களில் மட்டும் அலுமாரியிலிருந்து கைக்குப் போடும் கிளவுஸ் வெளியே வரும். அவர்கள் போனதும் திரும்பவும் பூட்டு.

"அந்தக் கிளவுஸத் தந்தா கை இப்பிடி ஆகாதே."

"மழை முடியட்டும், கேட்டுப் பாப்பம். இப்ப வீட்டுக்குப் போங்க. தோல் வளந்த மறுகா வாங்க. அதுவரைக்கும் றிஸ்லா கரைக்கட்டும்."

"வீட்டுல நிக்கிற நாளுக்குச் சம்பளம்?"

மசூர் திரும்பி மெசினைத் துடைத்தான்.

போகும்போது அவள் றிஸ்லாவின் காதோடு சொன்னாள்: "முதல்ல தண்ணி, மறுகாதான் சோடா. மாறி ஊத்திராத புள்ள, கொதிச்சி மூஞ்சில அடிக்கும்."

கணவன் ஸிராஜின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. கடல் அடங்கும் மட்டும் அவனுக்கும் தொழில் இல்லை. வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஜெமீலாவால் உறைப்பான கொச்சிக்காய் இடிக்க முடியவில்லை, உப்பைத் தொட முடியவில்லை. மகள் றிபாதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறாக்கினாள். இரவில் ஜெமீலா தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, விரல்களை ஒன்றோடொன்று தொடாமல் விரித்து வைத்தபடி படுத்தாள்.

ஒருநாள் மகளுக்குத் தலை பின்னும்போது முடி ஒவ்வொன்றும் விரலில் தட்டுப்பட்டது. எத்தனையோ வருஷமாக அது கையில் வழுக்கிக்கொண்டுதான் போயிருந்தது. பின்னி முடித்ததை அவிழ்த்து, மறுபடியும் பின்னினாள்.

"உம்மா, பள்ளிக்குப் பிந்துது," என்றாள் றிபா.

அடுத்த வாரம் ஜெமீலா விளக்கடியில் பெருவிரலைப் பிடித்துப் பார்த்தாள். மெல்லிய கோடுகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

மறுநாள் மழைக்குள் பட்டறைக்குப் போனாள். பச்சை விழுந்தது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று அவள் சொல்லுமுன்னே மசூர் சொன்னான்.

அவளுக்குப் பின்னால் றிஸ்லா விரல் வைத்தாள். சிவப்பு விழுந்தது. மறுபடியும் வைத்தாள். முன்கையில் ஒரு புண், மருந்துச் சீலை கட்டியிருந்தது.

"தண்ணிதான் முதல்ல ஊத்தினன் ராத்தா," என்றாள் மெதுவாக. "கட்டி விழுந்து தெறிச்சிட்டு."

மசூர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது. "பரவால்ல. ராத்தா வந்திட்டா. நீ போய் தோல் வளந்ததும் வா. மறுகா அவக்கு லீவு. இனி ரெண்டு பேரும் இப்பிடியே மாறிக்கிங்க, வேலையும் நிக்காது."

ஜெமீலா வாயைத் திறந்தாள். ஸிராஜ் காலையில் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கடலைப் பார்க்கப் போனது நினைவில் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

களஞ்சியக் கதவடியில் நின்று பார்த்தபோது றிஸ்லா வீதியில் இறங்கியிருந்தாள். குடைப்பிடியை விரலால் பற்ற முடியாமல் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, காற்றுக்குக் குனிந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் வளைவில் மறையும் மட்டும் ஜெமீலா நின்றாள். பிறகு சாக்கின் வாயை அவிழ்த்து, கையை உள்ளே விட்டாள்.