முதலாளிக்கு டிப்ஸ் உண்டா?

சலூனை விலைக்கு வாங்கிய முதல் நாள் அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்றுவரை சம்பளத்துக்கு நின்ற அதே நாற்காலிக்குப் பின்னால்தான் இன்றும் நிற்கிறாள். அதே கத்தரி, அதே சீப்பு, அதே தண்ணீர் பீச்சும் பாட்டில். ஆனால் கடை அவளுடையது. கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். வாசலுக்குப் போய்ப் பெயர்ப்பலகை நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

“கால்ல சக்கரம் கட்டிட்டீங்களா அண்ணி? கொஞ்சம் உட்காருங்க, கடை எங்கேயும் ஓடிப் போயிடாது” என்றாள் அடுத்த நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்த நாத்தனார்.

அண்ணி, நாத்தனார் என்றதும் உங்களுக்குச் சண்டைதான் நினைவுக்கு வரும். இவர்கள் அந்த ரகம் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டில் முடங்கிக் கிடந்த அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்து இந்த வேலைக்குக் கொண்டுவந்தவளே அவள் புருஷனின் தங்கையான இந்த நாத்தனார்தான். பல வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருத்தி வெட்டும்போது இன்னொருத்தி துண்டு எடுத்துக் கொடுப்பாள். வருகிறவர்கள் கொடுக்கிற டிப்ஸ் எல்லாம் ஒரு டம்ளரில் விழும். கடை சாத்தும்போது ஆளுக்குப் பாதி. யாரால் அதிகம் வந்தது என்ற பேச்சே கிடையாது.

பழைய முதலாளி முடியவில்லை என்று கடையை விற்கக் கிளம்பியபோது, அண்ணிதான் துணிந்து வங்கிக் கடன் வாங்கினாள். நாத்தனாரையும் பங்குக்குக் கூப்பிட்டாள். “எனக்கு எதுக்கு அண்ணி அந்தத் தலைவலி? வேலை செஞ்சோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருக்கணும்” என்று அவள் கையைக் கழுவிவிட்டாள். வருத்தம் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அன்று காலை முதலில் வந்தது டீச்சரம்மா. பள்ளிக்கூட வேலையை விட்டு ரொம்ப நாளாகியும் இன்னும் எல்லோரையும் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துப் பார்க்கிற பார்வை போகவில்லை. அண்ணியைத் தவிர வேறு யாரையும் தன் தலையைத் தொட விடமாட்டாள். வெட்டி முடித்ததும் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ரூபாய் நோட்டை நான்காக மடித்து அண்ணியின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் ஒருமுறை அழுத்திவிட்டுப் போவாள்.

அன்றைக்கும் வெட்டி முடிந்தது. கூலியைக் கொடுத்தாள். பர்ஸைத் திறந்தாள். அண்ணி தன்னை அறியாமல் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். டீச்சரம்மா நிமிர்ந்து பார்த்தாள், சிரித்தாள், அப்படியே திரும்பித் தரையில் விழுந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் போய் நோட்டை நீட்டினாள்.

“உனக்குக் கொடுத்தா நல்லா இருக்காதும்மா. நீ இப்ப முதலாளி. முதலாளிக்கு டிப்ஸ் கொடுக்கறது மரியாதை இல்லைன்னு என் பொண்ணு சொல்றா” என்றாள்.

“அதானே! எனக்கு எதுக்கு?” என்று அண்ணியும் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். ஆனால் அடுத்த ஆளுக்குக் கழுத்தில் துணி கட்டும்போது இறுக்கிக் கட்டிவிட்டாள், அந்த மனுஷன் இருமினார்.

பணத்துக்காக இல்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பணத்துக்காகவும்தான், நாம் ஏன் பூசி மெழுக வேண்டும்? கடன் இருக்கிறது, கடைக்கு வாடகை இருக்கிறது. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் இருந்தது. கூலி என்பது பலகையில் எழுதியிருக்கிற விலை, எவள் வெட்டினாலும் அதுதான். மடித்துக் கையில் வைக்கிற அந்த நோட்டு மட்டும் அவளுக்கென்று வந்தது. முதலாளி ஆன அன்றோடு அது நின்றுபோனது.

அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர், அங்கே டிப்ஸ் வைக்காவிட்டால் பின்னாலேயே ஓடிவந்து கேட்பார்கள் என்றார். இன்னொரு நாட்டில் இருந்துவிட்டு வந்தவர், அங்கே வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள் என்றார். ஒரு கல்லூரிப் பெண், டிப்ஸ் என்பதே தப்பு, ஒழுங்கான சம்பளத்தை முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்று அண்ணியை முறைத்துக்கொண்டே பிரசங்கம் செய்தாள். புதிதாக வாங்கிய கார்டு மிஷின் வேறு, பணம் கட்டும் நேரத்தில் ‘டிப்ஸ் சேர்க்கலாமா?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டுத் தொலைத்தது. அதைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். இவ்வளவு பேர் இவ்வளவு பேசினார்களே, ஒருவர்கூட அண்ணி கையில் ஒரு காசு வைக்கவில்லை. கொடுத்த நல்லவர்கள் எல்லோரும் நாத்தனாரைத் தேடிப் போய்க் கொடுத்தார்கள்.

ஒருநாள் கடை சாத்தும்போது, பழக்கதோஷத்தில் அண்ணி டம்ளருக்குள் கையை விட்டாள்.

“ஐயோ, முதலாளியம்மாவும் டம்ளர்ல கை போடுவாங்களா?” என்றாள் நாத்தனார். கேலிதான். அடுத்த நிமிஷமே “எடுத்துக்கங்க அண்ணி, சும்மா சொன்னேன்” என்று டம்ளரை நீட்டவும் செய்தாள். அண்ணி கையைச் சுட்டுக்கொண்டவள்போல எடுத்துவிட்டாள். “வேண்டாண்டி, எல்லாம் உனக்குத்தானே வந்துது” என்றாள். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேலி காதைவிட்டுப் போகவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள், கூடத்திலிருந்து வாசலுக்குப் போனாள், வாசலில் எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினாள்.

“ஏன் இப்படி அலையற? கடையில ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டான் புருஷன்.

“உங்க தங்கச்சி இருக்கிற இடத்துல பிரச்சினைக்கு என்ன குறை?” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் கடையில் ஒரு பலகை தொங்கியது. ‘இங்கே டிப்ஸ் வாங்குவதில்லை. கூலியிலேயே எல்லாம் அடக்கம்.’ கூலியைக் கொஞ்சம் ஏற்றியிருந்தாள். நாத்தனாரின் சம்பளத்தையும் ஏற்றியிருந்தாள், அதில் குறை வைக்கவில்லை. டம்ளர் வீட்டுக்குப் போய்ச் சமையல் பாத்திரங்களோடு சேர்ந்துவிட்டது.

நாத்தனார் பலகையைப் படித்துவிட்டு, “என்ன அண்ணி திடீர்னு?” என்று கேட்டாள்.

“இப்ப பெரிய பெரிய கடையில எல்லாம் இப்படித்தான். நம்ம உழைப்புக்குக் கூலி வாங்கறோம். அதுக்கு மேல எதுக்குடி பிச்சைக் காசுக்குக் கை நீட்டணும்?”

அந்த வார்த்தை வாயைவிட்டு வந்ததும் நாத்தனார் கையிலிருந்த சீப்பை மெதுவாக வைத்தாள்.

“பிச்சையா? இத்தனை வருஷமா ஆளுக்குப் பாதி எடுத்துட்டுப் போனோமே, அதுவும் பிச்சைதானா?”

சொல்ல வேண்டிய பதில் அண்ணிக்குத் தெரியும். இல்லைடி, எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைக்கிறதே என்று வயிறு எரிகிறது, அதுதான் விஷயம். அதைச் சொல்ல எந்த முதலாளிக்கு வாய் வரும்? “வெந்நீர் கொதிக்குது பாரு” என்று பேச்சை மாற்றினாள்.

பலகைக்கு நல்ல வரவேற்பு. “அப்பாடா, இனிமே எவ்வளவு வைக்கறதுன்னு மண்டையை உடைச்சுக்க வேண்டாம்” என்று பலரும் பாராட்டினார்கள். கல்லூரிப் பெண் கை குலுக்கினாள். டீச்சரம்மாகூட “ரொம்பச் சரி” என்று மதிப்பெண் போட்டாள். நாத்தனார் மட்டும் மாறிப்போனாள். நேரத்துக்கு வந்தாள், நேரத்துக்குப் போனாள், வேலையில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வருகிறவர்களோடு வாயடிப்பது நின்றுவிட்டது. வெட்டி முடித்ததும் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டி “எப்படி?” என்று கேட்டு, அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்து நிற்பாளே, அதுவும் நின்றுவிட்டது. துணியை உதறி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அண்ணிக்கு நிலைகொள்ளவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, இந்த ஒழுங்கைத் தாங்க முடியவில்லை. எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு சலூன் திறந்திருந்தார்கள். அங்கே ஆள் தேவை என்று ஒரு காகிதம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. காலையில் கடையைத் திறந்ததும் அண்ணியின் கண் முதலில் அந்தக் காகிதத்தைத்தான் தேடும். அது இருந்தால் மூச்சு வரும். ஒரு காலையில் அது இல்லை.

“அண்ணி, நாளையிலேருந்து நான் எதிர்க்கடையில நிக்கப்போறேன்” என்றாள் நாத்தனார், துண்டுகளை மடித்துக்கொண்டே.

“அங்கே கூட்டித் தர்றாங்களா? சொல்லு, நானும் தர்றேன்.”

“சம்பளம் இங்கேதான் ஜாஸ்தி. நீங்க குறை வெச்சீங்கன்னு சொல்லலை. ஆனா இப்ப நான் பார்த்துப் பார்த்து வெட்டினாலும் அதே காசு, ஏனோதானோன்னு வெட்டினாலும் அதே காசு. எனக்குக் கை ஓட மாட்டேங்குது அண்ணி. போறவங்க திரும்பி வந்து ‘இது உனக்கு’ன்னு கொடுப்பாங்களே... உங்களுக்கு அது பிச்சையாத் தெரியுது. எனக்கு அப்படித் தெரியலை.”

எனக்கும் அப்படித் தெரியவில்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது அண்ணிக்கு. மென்று முழுங்கிவிட்டு, “உன் இஷ்டம்” என்றாள். பொல்லாத இரண்டு வார்த்தை. வீடுகள் பிரிவது பெரும்பாலும் அதில்தான்.

அவள் போன பிறகு பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. பாதிக் கூட்டமும் அவளோடு எதிர்க்கடைக்குப் போய்விட்டது. இப்படியே போனால் கடனைக் கட்ட முடியாது, கடையையும் வைத்துக்கொள்ள முடியாது. அது ஒரு பயம். ஆனால் அண்ணியை நிற்கவிடாமல் அலைக்கழித்தது அது இல்லை. வெட்டிக்கொண்டே பக்கத்தில் துண்டுக்குக் கை நீட்டுவாள், கையில் யாரும் எதையும் வைக்கமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் திடுக்கென்றிருக்கும்.

ஒருநாள் பலகையைக் கழற்றிவிட்டாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. கொடுக்காமல் போவது எவ்வளவு சௌகரியம் என்று ஜனங்களுக்குப் பழகிவிட்டது. “வேண்டாம்னு நீதானே சொன்னே” என்றார்கள்.

நாத்தனாரைக் கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். பேச வேண்டியதைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்பாள். கடையின் வாசல்படி தாண்டுவாள், தெருவைக் கடக்கமாட்டாள், திரும்பி வந்துவிடுவாள். அப்படி ஒரு மத்தியானம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது, நாத்தனாரே தெருவைக் கடந்து உள்ளே வந்தாள்.

“இன்னிக்கு எனக்கு லீவு. முடி வளர்ந்து கண்ணைக் குத்துது. வெட்டி விடறீங்களா?” என்றாள். தன் பழைய நாற்காலிக்குப் பின்னால் போகவில்லை. அண்ணியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

தண்ணீர் தெளித்து, சீப்பால் வகிடு பிரித்து, முதல் வெட்டு விழுந்த பிறகுதான் அண்ணிக்கு வாய் திறந்தது. கண்ணாடியைப் பார்க்காமல், பின்னந்தலையைப் பார்த்துச் சொன்னாள்.

“பிச்சைக் காசுன்னு சொன்னது வாய் தவறி வந்ததில்லைடி. பொறாமையில வந்தது. எனக்கு யாரும் கொடுக்கலை, உனக்கு மட்டும் கொடுத்தாங்க. என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியலை. யாருக்கும் வேண்டாம்னு பலகையை மாட்டிட்டேன்.”

“தெரியும் அண்ணி. அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏண்டி போனே?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன். நீங்க ‘உன் இஷ்டம்’னீங்க.”

அண்ணிக்குக் கண் கரித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெட்டினாள். பார்த்துப் பார்த்து வெட்டினாள். காதோரம் ஒரு முடி நீண்டிருந்தால் அதற்காக மறுபடி குனிந்தாள். அவள் வெட்டியதிலேயே நல்ல வெட்டு அதுவாகத்தான் இருக்கும். முடிந்ததும் பின்னால் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். நாத்தனார் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் அண்ணிக்குப் போன உயிர் திரும்பியது.

“திங்கட்கிழமையே வந்துடறியா?” என்று கேட்டாள்.

நாத்தனார் எழுந்து கழுத்துத் துணியை அவளே அவிழ்த்து உதறினாள். கூலியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அண்ணி, “ஏய், என்னடி இது?” என்று தடுக்க நீட்டிய கையைப் பிடித்தாள். நான்காக மடித்த நோட்டு ஒன்றை அதில் வைத்தாள்.

“இது உங்களுக்கு” என்றாள்.

“பைத்தியமா உனக்கு? வீட்டு ஆளுக்கு யாராவது டிப்ஸ் கொடுப்பாங்களா?”

“கொடுக்கமாட்டாங்கதான். ஒரே கடையில நின்னா நானும் கொடுக்க முடியாது, அதனால அங்கேயே இருந்துக்கறேன்” என்றாள் நாத்தனார். “ரொம்ப நல்லா வெட்டியிருக்கீங்க அண்ணி. இனிமே மாசாமாசம் உங்ககிட்டத்தான் வருவேன்.”

வேண்டாம், எடுத்துக்கொண்டு போ, நீதான் வேண்டும் என்று சொல்லத்தான் அண்ணி வாயைத் திறந்தாள். கை அதற்குள் அந்த நோட்டை இறுக்கி மூடியிருந்தது.