டூஹி அளந்த தொப்பி

ஆற்றின் எதிர்க்கரை ஊரில் ஒரு கோபுரம் எழும்பிவிட்டது. ஆகவே எங்கள் பாலின்மோய் நகர மண்டபத்துக்கும் ஒன்று வேண்டும் என்று 1867-இல் முடிவானது. வேறு காரணம் யாரும் கேட்கவில்லை.

படம் வரைந்து கொண்டுவந்தவர் கட்டடக் கலைஞர் அம்புரோஸ் கெராட்டி. வயது ஐம்பத்தெட்டு. டப்ளின் கண்காட்சிகளில் அவருடைய கோபுரங்களுக்குப் பாராட்டு உண்டு. தரையில் ஒன்றுகூட இல்லை. இதையாவது கல்லில் பார்த்துவிட வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

படம் பிரமாதம். மேகத்தைத் தொடும் கோபுரம், அடியில் எறும்பு மாதிரி மனிதர்கள். நகரசபை ஒருமனதாகக் கை தூக்கியது. அஸ்திவாரம் போட்டு, ஆளுயரத்துக்குச் சுவரும் எழுந்தது.

அப்போதுதான் ஒரு சபைக் கூட்டத்தில், உறுப்பினரான தொப்பிக் கடை டூஹி படத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"கெராட்டி, இந்த ஆள் போட்டிருக்கிறது என் கடைத் தொப்பி மாதிரி இருக்கே?"

"யார் கடையா இருந்தா என்ன?"

"அந்தத் தொப்பியோட மனுஷன் ஆறரை அடி நிக்கணும். வாசல் பத்தடின்னு எழுதியிருக்கீங்க. இவன் அதுல பாதிகூட இல்ல. குழந்தைங்களுக்கு நான் தொப்பி விக்கிறதில்லையே."

சபை சிரித்தது. தலைவர் ஹெஃபர்னன் சிரிக்கவில்லை.

"அப்ப கோபுரம்?"

"எழுதியிருக்கிற உயரம் சரிதான்," என்றார் கெராட்டி. "கோபுரம் எடுப்பாத் தெரிய ஆளைக் கொஞ்சம் சின்னதா போடறது எங்க தொழில்ல வழக்கம்."

"எழுதினதை யாருய்யா படிச்சா? படத்தைப் பார்த்துத்தானே கை தூக்கினோம். ஆளுங்களை வளர்த்துக் கொண்டாங்க, பார்ப்போம்."

அடுத்த கூட்டத்துக்குப் புதுப் படம் வந்தது. மனிதர்கள் மனிதர்களாக இருந்தார்கள். கோபுரம், பக்கத்து விஸ்கி ஆலையின் புகைபோக்கியைவிடக் குட்டையாக இருந்தது.

"மோசமில்ல," என்றார் டூஹி. "எதிர்க்கரையைவிட ரெண்டடி கூட. கட்டிடலாம்."

பெரும்பாலான கைகள் உயர்ந்தன. கெராட்டி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சுருட்டினார்.

"இது என் கோபுரம் இல்ல."

"நீங்க வரைஞ்சதுதானேய்யா?" என்றார் ஹெஃபர்னன்.

"வரைஞ்சப்புறம்தான் பார்த்தேன். வேண்டாம்."

மாலை ரயிலில் போய்விட்டார். வேறு ஆள் பார்ப்பதைப் பற்றிச் சபை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. சுவர் அதே உயரத்தில் நிற்கிறது. சந்தை நாளில் டூஹி அதன்மேல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேரம் பேசுவார்.

முதல் படம் மட்டும் மண்டபத்தில் தொங்குகிறது. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் கோபுரம் என்று அதைத்தான் காட்டுகிறோம்.