ஒரு ஆளுக்கான சார்ஜ்

மர்பி டவுன் நிறுத்தத்தில் அல்போன்சா சாலையில் இறங்கி எட்டிப் பார்த்தாள். நடைபாதையில் ஏறினாள். மறுபடி இறங்கினாள். பொம்மசந்திராவுக்கு நேரே போகும் பஸ்ஸைக் காணோம்.

"அந்த வண்டி இனிமே வராது மேடம். பழசாச்சுன்னு ஓரங்கட்டிட்டாங்க," என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர்.

"புதுசு?"

"குடுத்தா ஓட்டுவோம்."

பொம்மசந்திராவில் மின்சார ஸ்கூட்டர் கம்பெனியில் அவளுக்கு ஒப்பந்த வேலை, வண்டிகளுக்கு சீட் பூட்டுவது. பஸ்ஸால் இந்த மாதம் பலமுறை தாமதம். இன்னொரு தடவை கேட் சாத்தியபின் வந்தால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் சுப்ரமணியன் சொல்லியிருந்தார். "கவர்மென்ட் சப்சிடி குடுக்குதில்ல? நம்ம வண்டியே ஒண்ணு வாங்கிக்கோம்மா."

"சீட்டு மட்டும் குடுங்க சார். பஸ்ல போட்டு உக்காந்துக்கறேன்."

அசெம்பிளி லைனில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இன்று டென்சில் வந்தான். அதே லைன்காரன். மானியத்தில் வண்டி வாங்கியவன்.

"ஏறுக்கா. பஸ்ஸ நம்புனா வேலை போச்சு."

ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு இடையே புகுந்து போனான். மேலே மெட்ரோ பாலம் தயாராக நின்றது, ரயில்தான் இன்னும் ஓடவில்லை. ஹெப்பகோடியில் வண்டி தவழ்ந்து, நின்றது.

"சார்ஜ் இல்லக்கா."

"நைட்டு போடலையாடா?"

"மாடியிலேர்ந்து ஒயர் விட்டுப் போட்டேன். ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி நடுவுல அணைச்சிடுச்சு. மீட்டர் ஓடுதுன்னு தினம் கலாட்டா."

"கெளம்பறப்ப பாக்கலையா?"

"பாத்தேன்." அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "தனியா வந்திருந்தா எட்டியிருக்கும்."

"தெரிஞ்சும் ஏத்துனியே, லூசு."

"நீங்க ஷேர் ஆட்டோ புடிச்சு ஓடுங்கக்கா."

வந்த ஆட்டோக்களில் ஆட்கள் வெளியே தொங்கினார்கள். அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சீட்டின் பின்பக்கம் கை வைத்துத் தள்ளினாள். ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

கேட் சாத்தியிருந்தது. "டைம் ஆய்த்து மேடம், ஆகல்ல," நேரமாகிவிட்டது, முடியாது என்று காவலாளி வெங்கி கன்னடத்தில் சொல்லித் தலையாட்டினான். டென்சில் போன் செய்து கெஞ்சியதில் சுப்ரமணியன் வெளியே வந்தார். முதலில் வண்டியைத்தான் பார்த்தார்.

"வாரன்டி இருக்கா?"

"இருக்கு சார்."

"வெங்கி, சர்வீஸ் கேட்டைத் தெற. நம்ம வண்டி ரோட்ல நின்னா பாக்கறவன் என்ன நெனப்பான்?"

"சார், நாங்க?" என்றாள் அல்போன்சா.

"டென்சில், நீ நாளைக்கு வா. அல்போன்சா, நீ கான்ட்ராக்டரைப் பாத்துக்கோம்மா."

"பஸ்ஸ நிறுத்திட்டாங்க சார்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?"

அவர் உள்ளே போய்விட்டார். வெங்கி பக்கத்து கேட்டைத் திறந்து, வண்டியை வாங்கிக்கொண்டு, மறுபடி பூட்டினான்.

கம்பிகளுக்கு அப்பால், நிழலில், கையுறை போட்ட ஒருவன் ஸ்கூட்டரை நிறுத்தி பிளக்கைச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. துணியை நனைத்து வண்டியின் தூசியைத் துடைத்தான். சீட்டின் பின்பக்கம் வியர்வையில் பதிந்திருந்த இரண்டு கைத்தடங்களை மட்டும் இன்னொரு முறை அழுத்தித் துடைத்தான்.