கரடியின் அத்தை

ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுக்கும் ஆலையில் எட்டு மணி நேரம் மடித்துப் போட்டுவிட்டு வருகிறவளுக்கு, வாயைத் திறந்து பேச நாளைக்கு அரை மணி நேரம்தான் கிடைத்தது. ஆலையில் மிஷின் சத்தத்துக்கு மேல் யாரும் பேச முடியாது. புருஷன் லாரி ஓட்டுகிறவன். வாரத்துக்கு ஒருநாள் வருவான், வந்தால் தூங்குவான். மிச்சம் இருந்தது ஆறு வயது மகள்.

அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்தது பள்ளிக்கூடத்தின் அம்மாக்கள் வகுப்பு. வெளிநாட்டிலிருந்து வந்த அம்மாக்களுக்கு அந்த ஊர் எழுத்தைச் சொல்லிக்கொடுத்து, ஒரு படப் புத்தகமும் கொடுத்தனுப்புவார்கள். சாயங்காலம் பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டும். எழுத்தோ சுட்டுப்போட்டாலும் வரவில்லை. அதை மகளிடம் போய்ச் சொல்வாளா? படத்தைப் பார்த்துத் தமிழில் அளந்துவிட்டாள். படகில் போகும் கரடிக்கு மீசை முளைத்த ஓர் அத்தையை அவளாகவே கொடுத்தாள். தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற அத்தை. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

வகுப்பின் கடைசி நாள் அம்மாக்கள் பிள்ளைகள் முன்னால் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். மகள் முன்னால் மானம் போகக்கூடாது. ஒரு மாதம், சாப்பாட்டு இடைவேளையில், போர்வைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுத்துக்கூட்டிக் கரடிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாள். அதில் அத்தை என்று யாருமே இல்லை. போனால் போகிறாள் என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்கு ஒரு சொல் பிசகாமல் படித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள், மகளைத் தவிர.

"எப்படிடி படிச்சேன்?" என்றாள், திரும்பி வரும்போது பஸ்ஸில்.

"நல்லாத்தான் படிச்ச. ஆனா அத்தை வரவே இல்லையே."

"புத்தகத்துல இல்லையே கண்ணு."

"தெரியும்மா. நான்தான் எப்பவோ படிச்சுட்டேனே."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எதுக்குடி தினமும் என்னைப் படிக்கச் சொன்ன?"

"அத்தைக்காகத்தான்."

சாயங்காலம் சோபாவைத் தட்டி மகளைக் கூப்பிட்டாள். "வாடி, அத்தை கதை சொல்றேன்."

"வேணாம்மா. அப்போ உனக்குப் படிக்கத் தெரியாது, அதனால சொன்ன. இப்பதான் தெரியுமே. இப்ப சொன்னா அது பொய்." புத்தகத்தை வாங்கிக்கொண்டு மகள் தன் அறைக்குள் போய்விட்டாள்.

பாழாய்ப்போன எழுத்தை யார் கற்கச் சொன்னது என்று இருந்தது அவளுக்கு. சமையலறையில் கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். அப்போது அறையிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. தமிழில், அம்மாவுடைய ஏற்ற இறக்கம் மாறாமல், மகள் தன் பொம்மைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அப்போ மீசை அத்தை கோவிச்சுக்கிட்டுப் படகுலேருந்து இறங்கிட்டா..."

ஈரக்கையோடு கதவு வரைக்கும் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். பொம்மையைப் போலப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்கிற கதை அது. அவளுக்குத்தான் இப்போது தெரியுமே.