மூன்று அட்டை உயரம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று கேட்டுவிடாதீர்கள். இது அசல் பொய். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் என் அக்காவிடம் சொன்னது. போன ஞாயிற்றுக்கிழமை அது பிடிபடப் பார்த்தது. வெளியே சொல்ல வேறு ஆள் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "பகல் பதினொரு மணிக்கு ஸ்கேனரின் விளக்கு கண்ணாடிக்கு அடியில் மெல்ல நகர்ந்து"

(அடித்துவிட்டேன். விளக்கு நகரட்டும், அவசரமில்லை. நான் ஏன் பயந்தேன் என்று முதலில் தெரிய வேண்டும்.)

2

அக்கா நிலஅளவை படித்தாள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "வெயில்ல கோலைத் தூக்கிட்டு அலையவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று படிப்பின் கடைசி ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. பட்டமளிப்பு விழாவுக்கு வரமாட்டேன் என்றார். சொன்னபடி வரவும் இல்லை.

விழா முடிந்து அக்கா கறுப்பு அங்கியோடு கல்லூரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. "அப்பா வந்திருந்தாருக்கா. கேட்டுக்கு வெளிய நின்னாரு, நான் பாத்தேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் "வந்தீங்களாப்பா?" என்று கேட்டாள். அப்பா "சாப்பிட்டியா?" என்றார். அதோடு பேச்சு வார்த்தை தொடங்கிவிட்டது. அவர் இறந்து ஏழு வருடமாகிறது. அதுவரைக்கும் இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அன்று நான் எடுத்த போட்டோ கழுவி வந்தபோது அக்காவின் தோளுக்குப் பின்னால், தூரத்து கேட்டருகே, கடுகளவு ஒரு உருவம் தெரிந்தது. "இதோ பாரு, அப்பா!" என்று விரல் வைத்துக் காட்டினேன்.*

* எனக்கு அப்போது பதினேழு வயது. நீங்கள் அந்த வயதில் ரொம்ப யோக்கியமோ?

3

இப்போது அத்தான் வர வேண்டும். அக்காவின் கணவர். தராசுகளையும் அளவுகோல்களையும் சரிபார்த்துச் சான்று கொடுக்கும் ஆய்வகத்தில் வேலை. பெட்டிமேல் அச்சடித்திருக்கும் எதையும் நம்பமாட்டார். முதல் வரைவில் அவரை வெளியூருக்கு அனுப்பிவிட்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது, ஆனால் கதை இரண்டாம் பக்கத்தில் படுத்துவிட்டது. திரும்ப வரவழைத்திருக்கிறேன்.

அக்காவுக்குப் பழைய பெட்டியில் அந்தப் போட்டோவின் நெகடிவ் கிடைத்தது. "அப்பா முகத்தைப் பெருசாப் பாக்கணும்டா" என்று புது ஸ்கேனரே வாங்கிவிட்டாள். அங்குலத்துக்கு 6400 புள்ளி என்று பெட்டியில் போட்டிருந்தது. நான் பெட்டியைத் திருப்பி வைத்தேன்.

"ஆறாயிரத்து நானூறா? யாரு கண்டா? மொதல்ல அளப்போம்" என்றார் அத்தான். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

4

ஆய்வகத்திலிருந்து ஒரு சின்னக் கண்ணாடித் தகடு கொண்டுவந்திருந்தார். அதில் மும்மூன்று கோடுகள், கூட்டம் கூட்டமாக, போகப் போகப் பொடியாகிக்கொண்டே போகும். ஸ்கேன் செய்து பார்த்தால் ஓரிடத்தில் மூன்று கோடும் கலந்து ஒரே சாம்பல் தீற்றலாகிவிடும். அதற்கு முந்தைய கூட்டம்தான் இயந்திரத்தின் உண்மையான கண்.

தகட்டைக் கண்ணாடிமேல் வைத்தார், ஸ்கேன் செய்தார், திரையில் எண்ணினார், கணக்குப் போட்டார்.

"ஆயிரத்து நூத்தம்பதுதான் வருது மச்சான். மீதியெல்லாம் சும்மா ஊதிக் காட்றான்."

"அப்ப முகம் தெரியாதா?" என்றாள் அக்கா.

"முகமா? கை எது கால் எதுன்னே தெரியாது."

ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டேன். கதை இங்கேயே சுபமாக முடிந்திரு

(முடியவில்லை.)

அத்தான் மோவாயைச் சொறிந்தார். "சிலதுல கண்ணாடிக்குக் கொஞ்சம் மேலதான் கூர்மை இருக்கும். தகட்டைத் தூக்கி வெச்சுப் பாக்கலாம். கெட்டி அட்டை ஏதாவது இருக்கா?"

அக்கா என் பையைத் திறந்து என் விசிட்டிங் கார்டுகளை எடுத்தாள். பெயருக்குக் கீழே 'எழுத்தாளர்' என்று இருக்கும். ஐந்நூறு அடித்து, பதினொன்று கொடுத்திருக்கிறேன். அத்தான் ஒன்றை இரண்டாக வெட்டித் தகட்டின் இரு ஓரத்திலும் முட்டுக்கொடுத்தார். ஆயிரத்து நானூற்றைம்பது. இரண்டாவது கார்டு: ஆயிரத்து எண்ணூறு. மூன்றாவது: இரண்டாயிரத்தைத் தாண்டியது. நாலாவதில் மறுபடி மங்கியது.

"மூணு. பக்கா!" என்றார். "மாமா கைய வெச்சுட்டு நிக்கிற விதத்துலயே கண்டுபிடிச்சிடலாம்."

அதுதான் வினை. அப்பா எங்கே நின்றாலும் இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வேறு யாரும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) அது காவலாளி. அக்கா என்னைப் பார்க்கிறாள். (எழுதவே கை வரவில்லை.)

ஆ) மின்சாரம் போய்விடுகிறது. (சீ, வெட்கமாக இல்லையா எனக்கு?)

இ) நடந்தது. அத்தான் காபி போட உள்ளே போனார். அக்கா நெகடிவைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீ அன்னைக்கு பூராவும் என் கூடவேதான்டா இருந்த. கேட்டுப் பக்கம் போகவே இல்லை."

நான் ஸ்கேனர் மூடியை ஒரு தடவை திறந்து மூடினேன்.

"தெரிஞ்சுதான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். இல்லைன்னு சொல்லுவார்னு நினைச்சேன். சொல்லலை."

"அப்ப எதுக்குக்கா ஸ்கேனர் வாங்கின?"

"நீ பொய்தான் சொன்ன. அவர் ஏன் மறுக்கலை? அதை யோசிச்சு யோசிச்சு எத்தனை வருஷம்!"

இது எனக்கு இத்தனை நாளும் தோன்றவே இல்லை. நான் காட்டிய புள்ளியில் யாரோ ஒருவர் நிஜமாகவே நின்றிருக்கிறார். அது அப்பாவாகவும் இருக்கலாம். அதுவரை தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது.

ஆனால் அக்கா நெகடிவைக் கண்ணாடிமேல் வெறுமனே, தட்டையாக வைத்தாள். அப்படியே ஸ்கேன் செய்தால் வெறும் தீற்றல்தான் வரும். முட்டுக்கொடுத்த மூன்று கார்டின் துண்டுகளையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இப்ப பயமா இருக்குடா. நீயே முடிவு பண்ணு. காபி வர்றதுக்குள்ள."

வாசகரே, அத்தான் டம்ளர்களை எடுக்கும் சத்தம் கேட்கிறது. கையை நீட்டுங்கள். ஆறு துண்டு இருக்கும், எண்ணிக்கொள்ளுங்கள். வைப்பதென்றால் பக்கத்துக்கு மூன்று. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.